8ஏ எடுத்தவர்கள்

மலேசியத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த யாருக்கும் "எத்தனை ஏ?" என்ற கேள்வியை விளக்கத் தேவையில்லை. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு யூபிஎஸ்ஆர் தேர்வு இருந்த காலத்தில் தமிழ்ப்பள்ளிக்கு ஏழு தாள். ஏழிலும் ஏ வாங்கினால் நாளிதழில் படம், கோயிலில் மாலை, மாமா கையால் ஓர் அன்பளிப்பு உறை. 2016இல் தாள் எட்டானது. 7ஏ பிள்ளைகளின் இடத்தில் 8ஏ பிள்ளைகள் வந்தார்கள். 2021இல் அரசாங்கம் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டது. ஆனால் "எத்தனை ஏ?" சாகவில்லை. நம்மில் சிலர் அதைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பாறையில் ஒட்டிவிட்டோம்.

பாறையேறுகிறவர்களின் உலகத்திலும் 7ஏ உண்டு, 8ஏ உண்டு. அது ஒரு பாதை எவ்வளவு கடினம் என்று சொல்லும் பிரெஞ்சு அளவை. 6ஏ, 6ஏ+, 6பி, 6பி+, 6சி, 6சி+, பிறகு 7ஏ என்று படிப்படியாகக் கூடும்; இன்று அதன் உச்சி 9சி. அமெரிக்காவில் வேறு கணக்கு. நம்முடைய 8ஏ அங்கே 5.13பி. ஆஸ்திரேலியாவில் வெறும் 29. நம்ம ஊர்ச் சுண்ணாம்புப் பாறைகளிலும் தாய்லாந்தின் கிராபியிலும் பிரெஞ்சு அளவைதான் புழக்கம். எண் கூடினால் பாதை கடினம். அதன் வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த எண் பாதையின் நெற்றியிலிருந்து இறங்கி ஆளின் நெற்றியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "அவரு 7பி ஏறுறவரு", "இவன் இன்னும் 6பி பையன்தான்" என்று பேசுகிறோம். இந்தப் பேச்சு பாதிப் பொய் என்பதும், இந்தப் பாதிப் பொய் நம்முடைய சின்னக் கூட்டத்தைக் கெடுக்கிறது என்பதும்தான் நான் சொல்ல வருவது.

ஏறிப் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு விஷயம். டாப் ரோப் வேறு, லீட் வேறு. டாப் ரோப்பில் கயிறு ஏற்கெனவே உச்சியிலுள்ள வளையத்தின் வழியாக வந்து தொங்கும். கை விட்டால் அங்கேயே ஊஞ்சலாடலாம். லீட்டில் கயிறு உங்கள் இடுப்பிலிருந்து கீழே போகிறது. பாறையில் அடித்திருக்கும் போல்ட் ஒவ்வொன்றிலும் குவிக்டிராவை மாட்டி, அதில் கயிற்றைச் செருகிக்கொண்டே ஏற வேண்டும். கடைசியாகச் செருகிய இடத்துக்கு மேலே இரண்டு மீட்டர் போய் வழுக்கினால் நாலு மீட்டர் விழுவீர்கள். கயிறு நீள்வதையும் கீழே பிடிப்பவர் விட்டிருக்கும் தளர்வையும் சேர்த்தால் இன்னும் அதிகம். அந்த விழுகையை நினைத்த விரல், தேவைக்கு மேல் பிடியை இறுக்கும். முன்கை கல்லாகும். அதனால்தான் லீட் எண்ணுக்கு மரியாதை அதிகம். அதனால்தான் அதில் கலப்படமும் அதிகம்.

ஜுருவில் ஏறுவதற்குப் பாறை இல்லை. டோல் இருக்கிறது, ஆட்டோ சிட்டி இருக்கிறது, பக்கத்தில் பிறை தொழிற்பேட்டை இருக்கிறது. இங்கிருந்து ஏறப் போகிறவர்கள் உள்ளரங்கச் சுவரில் பழகிவிட்டு, வார இறுதியில் வடக்கே பெர்லிஸின் புக்கிட் கெத்ரிக்கோ தெற்கே பத்துமலைக்கோ காரெடுக்க வேண்டும். நீண்ட விடுமுறை கிடைத்தால் எல்லை தாண்டிக் கிராபி. காரில் நாலு பேர் என்றால் அதில் ஒருத்தராவது இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் வந்தவர். பெட்ரோல், டோல், அறை வாடகை, கயிறு என்று பணம் போகிறது. இவ்வளவு செலவழித்துப் போகிறவனுக்குத் திரும்பி வரும்போது கையில் ஏதாவது இருக்கணும் என்று ஆசை வருவது இயல்பு. பாறையைக் கொண்டுவர முடியாது. எண்ணைக் கொண்டுவரலாம்.

திங்கட்கிழமை இரவு மாமாக் கடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"கெத்ரி போனியாமே, என்னா ஏறுன?"

"7ஏ போட்டேன் ப்ரோ."

"பவர் லா! அப்ப அடுத்தது 7பி."

முடிந்தது. தே தாரிக் வந்துவிடும், பேச்சு வேறு பக்கம் போய்விடும். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த "போட்டேன்" என்ற சொல்லுக்குள் என்னென்ன ஒளிந்திருக்கலாம் என்று பாருங்கள்.

பாதையை முன்பின் பார்க்காமல், யாரும் வழி சொல்லாமல், முதல் முயற்சியிலேயே விழாமல் ஏறியிருந்தால் அது ஆன்சைட். பிறர் ஏறுவதைப் பார்த்தோ, எந்தப் பிடிக்கு எந்தக் கை என்று கேட்டுக்கொண்டோ முதல் முயற்சியில் முடித்திருந்தால் ஃப்ளாஷ். பல தடவை விழுந்து, ஒவ்வொரு நகர்வையும் மனப்பாடம் செய்து, கடைசியில் ஒருமுறை கீழிருந்து மேல்வரை விழாமல் லீட் செய்திருந்தால் ரெட்பாயின்ட். நடுவில் நாலு இடத்தில் கயிற்றில் தொங்கி ஓய்வெடுத்து உச்சியைத் தொட்டிருந்தால் அது நல்ல பயிற்சி. ஏற்றக் கணக்கில் வராது. டாப் ரோப்பில் போயிருந்தால் அது லீட்டே கிடையாது. இந்த ஐந்துமே மாமாக் கடையில் "7ஏ போட்டேன்" ஆகிவிடுகின்றன. ஆன்சைட்டில் ஒரு 7ஏ ஏறுகிறவர், ரெட்பாயின்ட்டில் அதற்குப் பல படி மேலே போகக்கூடியவர். அவரும், பத்து வாரம் ஒரே பாதையில் மல்லுக்கட்டி முடித்தவரும் ஒரே எண்ணைச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் மரியாதை உண்டு. இரண்டும் ஒன்றல்ல.

ரெட்பாயின்ட் என்ற சொல் வந்த கதை இங்கே தேவைப்படுகிறது. 1970களில் ஜெர்மனியின் ஃபிராங்கன்யூரா பகுதியில் பாறையில் அடித்திருந்த ஆணிகளைப் பிடித்துத் தொங்கி ஏறுவது சாதாரணம். கூர்ட் ஆல்பர்ட் என்ற இளைஞர் 1975இல் அதை மாற்றினார். ஆணியைப் பிடிக்காமல், அதில் தொங்காமல், கையாலும் காலாலும் மட்டுமே ஒரு பாதையை முழுக்க ஏறி முடித்தால் அதன் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி வரைந்தார். நவீன ஸ்போர்ட் ஏற்றத்தின் அடிப்படை விதியே அந்தப் புள்ளியிலிருந்து வந்தது. கவனியுங்கள், ஆல்பர்ட் பாறையில் எழுதியது எண்ணை அல்ல. எப்படி ஏறினேன் என்பதை. ஐம்பது வருஷத்தில் நாம் புள்ளியைத் தொலைத்துவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது, "உச்சம்" என்ற கணக்கு. "உன்னோட ஹார்டஸ்ட் என்ன?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் தொழிற்சாலையில் தர அளவீட்டோடு தினமும் மாரடிக்கிறவன். ஒரு தொகுப்பைப் பற்றிச் சொல்ல மிக மோசமான எண் எது என்று கேட்டால், அதில் உள்ள அதிகபட்சம் என்பேன். நூறு துண்டில் ஆகச் சிறந்த ஒன்றை எடுத்துக்காட்டி, "எங்கள் தயாரிப்பு இதுதான்" என்று சொல்லும் ஆலையிடம் யாராவது சரக்கு வாங்குவார்களா? அதிகபட்சம் முயற்சிகளின் எண்ணிக்கையோடு தானாகவே கூடும். வருஷத்துக்கு நாற்பது வார இறுதி பாறைக்குப் போக வசதியுள்ளவருக்கும், ஷிஃப்ட் மாற்றிக் கெஞ்சி நாலே நாள் போகிறவருக்கும் ஒரே திறமை இருந்தாலும் உச்ச எண் வேறாகத்தான் இருக்கும். அதிலும் முதலாமவர், "இந்தச் சுவரில் கிரேட் கொஞ்சம் தாராளம்" என்று பெயரெடுத்த பாதையாகத் தேடிப் போய் ஏறினால் கேட்கவே வேண்டாம். நாம் ஒப்பிடுவதாக நினைப்பது திறமையை. உண்மையில் ஒப்பிடுவது லீவையும் பெட்ரோலையும்.

சரி, அந்த எண்ணாவது உறுதியானதா? தொழிற்சாலையில் ஓர் அளவுகருவியை நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்வோம். ஒரே துண்டை ஒரே ஆள் பலமுறை அளந்தால் ஒரே விடை வருகிறதா? வேறு வேறு ஆட்கள் அளந்தாலும் அதே விடை வருகிறதா? மொத்த மாறுபாட்டில் அளவுமுறையின் பங்கு பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கருவி நல்லது; முப்பதைத் தாண்டினால் ஓரமாக வை என்பது பொது வழக்கம். இப்போது பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே அளவுகருவி மனித உடம்பு. ஒருத்தருக்கு உயரம் 180 சென்டிமீட்டர், இன்னொருத்தருக்கு 152. அடுத்த பிடி எட்டும் ஆளுக்கு அது ஒரு நகர்வு. எட்டாத ஆளுக்கு இடையில் இரண்டு நகர்வு கூடுதல், அல்லது ஒரு தாவல். காலையில் மழை பெய்து ஓய்ந்த ஈரக் காற்றில் சுண்ணாம்புப் பாறை சோப்பு மாதிரி. நூறு பேர் ஏறிப் பளபளப்பான பிடி, முதல் ஆள் தொட்ட பிடி இல்லை. ஒரு பிடி உடைந்தால் பாதையே மாறிவிடும். இந்தக் கருவி எந்த ஆலையின் சோதனையிலும் தேறாது.

அப்படியானால் கிரேட் வெறும் புரளியா? இல்லை. அது ஓர் உத்தேசம். முதலில் ஏறியவர் ஓர் எண்ணை முன்மொழிகிறார். பின்னால் வருகிறவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள், கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். பலரும் ஏறிய பிறகு எண் ஓரளவு நிலைகொள்கிறது. இந்த முறை நேர்மையாக நடக்கும்போது எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2020இல் ஜெர்மானியர் அலெக்ஸ் மேகோஸ் பிரான்சின் செயூஸ் பாறையில் 'பிப்லியோகிராஃபி' என்ற பாதையை முதன்முதலில் ஏறி முடித்தார். அறுபது நாள் அளவுக்கு அதில் உழைத்திருந்தார். 9சி என்றார். அதற்கு முன் அந்த எண் ஒரே ஒரு பாதைக்குத்தான் சொல்லப்பட்டிருந்தது: 2017 செப்டம்பரில் ஆடம் ஒண்ட்ரா நார்வேயின் ஃபிளாட்டாங்கர் குகையில் ஏறிய 'சைலன்ஸ்'. மறுவருஷமே இத்தாலியின் ஸ்டெஃபானோ கிசோல்ஃபி 'பிப்லியோகிராஃபி'யை இரண்டாவதாக ஏறினார். தனக்கு வசதியான வேறு நகர்வுமுறையைக் கண்டுபிடித்து ஏறியவர், இது 9பி+தான் என்றார். உலகத்திலேயே இரண்டாவது 9சி என்ற பெயர் கையைவிட்டுப் போகிறது. மேகோஸ் என்ன செய்தார்? கிசோல்ஃபி சொல்வது சரி என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டார். பாறை அப்படியே இருந்தது. அவருடைய அறுபது நாள் உழைப்பும் அப்படியே இருந்தது. எண் மட்டும் திருத்தப்பட்டது.

இதற்கு நேர்மாறான கதை 'அகிரா'. பிரான்சின் ஷாரான்த் பகுதியில் ஒரு குகைக் கூரையில் உள்ள பாதை அது. 1995இல் ஃபிரெட் ரூலிங் அதை ஏறினார், 9பி என்றார். அப்போது உலகில் 9ஏ என்று சொல்லப்பட்ட பாதைகளே விரல்விட்டு எண்ணக்கூடியவை. வுல்ஃப்காங் குல்லிஷ் 'ஆக்‌ஷன் டைரக்ட்' ஏறி நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்கு இரண்டு படி மேலே ஓர் எண்ணை ஒருவர் சொன்னதும், எண் கூடிப்போச்சு என்று சொல்ல வேண்டியவர்கள் ஆளே ஏறவில்லை என்று சொல்லத் தொடங்கினார்கள். கால் நூற்றாண்டு அவர் மீது அந்தச் சந்தேகம் இருந்தது. 2020இல் செப் புவான், லூசியன் மார்த்தினெஸ் என்ற இரண்டு பிரெஞ்சு ஏறுநர்கள் அகிராவை ஏறிப் பார்த்துவிட்டு, இது 9ஏ அளவில் இருக்கும் என்றார்கள். கணக்குப் போடுங்கள். 1995இல் 9ஏ ஏறியவர் என்றால் அன்றைக்கு உலகின் முதல் வரிசை ஆட்களில் ஒருவர். தன் காலத்தின் மிகக் கடினமான ஏற்றங்களில் ஒன்றைச் செய்தவரைப் பொய்யர் என்று பேச வைத்தது எது? அவர் சொன்ன எண் மட்டுமில்லை. எண்ணையும் ஆளையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத கூட்டம். கிரேட் தப்பு என்றால் ஆளே தப்பு என்று நினைக்கிற பழக்கம் அன்றைக்கு பிரான்சில் இருந்தது. இன்றைக்கு நம் வாட்ஸாப் குழுக்களிலும் இருக்கிறது.

அந்தப் பழக்கம் யாரை முதலில் குத்தும் என்று சொல்லவும் வேண்டுமா? பெண்களை. லின் ஹில்லின் கதை பலருக்குத் தெரியும். பிரெஞ்சு ஏறுநர் ஜே.பி. திரிபூ, எந்தப் பெண்ணும் 5.14 ஏறப்போவதில்லை என்று சொன்னதாக ஹில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1990இல் பிரான்சின் சிமாயில், அந்த நிலையிலுள்ள 'மாஸ் கிரிட்டிக்' பாதையை ஹில் ஏறி முடித்தார். 8பி+, அமெரிக்கக் கணக்கில் 5.14ஏ. அந்த நிலையை எட்டிய முதல் பெண் அவர். 2017இல் மார்கோ ஹேஸ் 9ஏ+ ஏறினார். அதே வருஷம் ஆஸ்திரியாவின் ஆங்கலா ஐட்டர் 9பி ஏறினார். 2025இல் புரூக் ரபூட்டூ 9பி+. "முடியாது" என்ற வாக்கியம் ஒவ்வொரு பத்தாண்டிலும் ஒரு படி மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். நம்ம ஊரில் அந்த வாக்கியம் வேறு வேஷத்தில் வரும். ஒரு 7ஏ பாதையில் பையன்கள் மாதக்கணக்கில் விழுந்துகொண்டிருப்பார்கள். ஒரு பெண் வந்து இரண்டாம் நாள் முடித்துவிடுவாள். "அது சின்ன விரலுக்கு வசதியான பிடி லா, உண்மையில 6சி+தான்" என்று உடனே ஒரு குரல் வரும். அதே பாதை நேற்றுவரை அவனுக்கு 7ஏதான். உயரமான பையன் எட்டிப் பிடித்து முடித்தபோது "கை நீளத்துக்கு வசதி" என்று யாரும் எண்ணைக் குறைத்ததில்லை. உடம்பு வாகு ஒரு கணக்கு என்றால் எல்லா உடம்புக்கும் அது கணக்கு.

இவ்வளவு சொன்னதும் ஒரு நண்பர் கூட்டம் எனக்குத் தோள் கொடுக்க வரும். "அதான் ப்ரோ, நாங்க எண்ணையே பார்க்கிறதில்ல. பாறையோட பேசறோம். ஏறுறது ஒரு தியானம்." மன்னிக்கணும், அந்தத் தோள் எனக்கு வேண்டாம். முதலாவது, கிரேட் ஒரு பாதுகாப்புத் தகவல். லீட் பழகி மூன்று மாதமான ஒருத்தர், முதல் போல்ட் நாலு மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு 7ஏ பாதையை 6ஏ என்று நினைத்து ஏறினால் தியானம் ஆஸ்பத்திரியில் முடியும். இரண்டாவது, எண்ணைப் பார்ப்பதில்லை என்று சொல்பவர்கள் அநேகமாக எல்லோருடைய எண்ணும் தெரிந்தவர்கள். தன்னுடையது எல்லோருக்கும் தெரிந்திருப்பதும் தெரிந்தவர்கள். சம்பளத்தைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று பெரிய சம்பளக்காரர்தான் சொல்வார்.

இலக்கியத்தில் இதை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். க.நா.சு. பட்டியல் போட்டார் என்று எத்தனை வருஷம் திட்டினோம்! அந்தப் பட்டியல்கள் மீதான நியாயமான புகார் ஒன்றுதான்: பெயரைச் சொன்னவர் காரணத்தை விரித்துச் சொல்லவில்லை. அதற்குத் தீர்வு, எல்லாப் படைப்பும் சமம் என்று கைகூப்பிவிடுவது அல்ல. அப்படிக் கைகூப்புகிற இடத்தில் ஒப்பீடு நின்றுவிடாது. மேடைக்குப் பின்னால் போய்க் கிசுகிசு ஆகும். மதிப்பீடு வேண்டும். எந்த அடிப்படையில் என்று அதோடு சேர்த்துச் சொல்லவும் வேண்டும். ஒரு நாவலைப் பற்றி "சிறந்த நாவல்" என்று ஒற்றை வரி எழுதுகிறவரை நாம் விமர்சகர் என்று ஏற்பதில்லை. "7ஏ போட்டேன்" என்கிறவரை மட்டும் ஏன் ஏற்றுக்கொள்கிறோம்?

இன்னொரு கூட்டம் எதிர்ப்பக்கம் இருக்கிறது. "போட்டி இருந்தாத்தான் முன்னேற்றம். எண்ணை வச்சு ஒப்பிடறதுல என்ன தப்பு?" போட்டி நல்லதுதான். எனக்கும் பிடிக்கும். ஆனால் உலகின் பெரிய லீட் போட்டிகளை ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். அங்கே யாரும் கிரேட் கேட்பதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கிலும் பாரீஸ் ஒலிம்பிக்கிலும் எந்த வீரரின் பெயருக்குப் பக்கத்திலும் 8பி, 9ஏ என்று போட்டு மதிப்பெண் தரவில்லை. ஒரே சுவர், ஒரே நாள், எல்லோருக்கும் ஒரே பாதை, ஆறு நிமிடம். அரையிறுதியிலும் இறுதியிலும் ஒருவர் ஏறுவதை அடுத்தவர் பார்த்துவிடாமல் தனியே உட்கார வைப்பார்கள். எந்தப் பிடிவரை போனாய், அதுதான் கணக்கு. ஒப்பிடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் கிரேட்டை ஏன் தொடுவதில்லை என்று யோசித்தால் விடை கிடைத்துவிடும்: அது ஆளை ஆளோடு ஒப்பிட உண்டாக்கிய கருவி இல்லை. போட்டி போடணுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் ஒரே பாதையில் ஏறுவோம், வாங்க. மூன்று மாதம் முன்பு கிராபியில் ஏறியதையும் நேற்று கெத்ரியில் ஏறியதையும் மேசைமேல் வைத்து எடை போடாதீர்கள்.

இதெல்லாம் விளையாட்டுக்காரர்களின் சில்லறைச் சண்டைதானே என்று தோன்றலாம். ஆனால் இழப்பு சில்லறை இல்லை. எண்ணுக்காக ஏறுகிறவர்கள் வந்ததும் பாறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தாராளமான எண்ணுள்ள இரண்டு மூன்று பாதைகளில் வரிசை நிற்கும். பக்கத்திலேயே அருமையான ஒரு 6பி, "அதுக்கு அது ரொம்பக் கஷ்டம், லாபமில்ல" என்ற பெயரோடு சிலந்திவலை கட்டிக் கிடக்கும். புதிதாக வந்தவர் நாலாவது மாதமே 7ஏயில் தொங்குவார். விரல் தசைநார் அவ்வளவு சீக்கிரம் பலப்படாது, தசை மட்டும் முந்திக்கொள்ளும். விரலைக் கட்டிக்கொண்டு ஆறு மாதம் உட்காருவார். சிலர் திரும்பி வருவதேயில்லை. பாதையில் போல்ட் அடிப்பது, துருப்பிடித்ததை மாற்றுவது, செடி கொடி அகற்றுவது, இந்த வேலைகளுக்கு எண் கிடையாது. கிராபியின் கடலோரப் பாறைகளில் சாதாரணத் துருப்பிடிக்கா எஃகுகூட உப்புக்காற்றில் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டு உடைந்தது. அதனால் டைட்டானியம் போல்ட்டுகளை ஒட்டுகிறார்கள். அதற்குப் பணமும் உழைப்பும் கொடுத்தவர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்கள் ஒட்டிய போல்ட்டில் தொங்கித்தான் நம் எண்ணை எடுக்கிறோம்.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. ஜுரு, பிறை, புக்கிட் மெர்த்தாஜாம் பக்கத்து அடுக்குமாடிகளிலிருந்து ஏற வருகிற தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. வருகிற ஒன்றிரண்டு பேரும் ஏற்கெனவே எண்ணால் அடிபட்டவர்கள். 7ஏ எடுக்காததால் மேடைக்குக் கூப்பிடப்படாதவர்கள், எஸ்பிஎம்மில் எத்தனை என்று தீபாவளிக்குத் தீபாவளி கேட்கப்பட்டவர்கள். அவர்களுக்குப் பாறை பிடித்துப்போவதற்குக் காரணமே, அங்கே யாரும் ரிசல்ட் ஸ்லிப் கேட்கமாட்டார்கள் என்பது. வந்து மூன்றாம் வாரம் நாம் கேட்கிறோம்: "தம்பி, என்னா கிரேட்?" அந்தப் பையன் "6ஏ" என்று தரையைப் பார்த்துச் சொல்கிறான். அவன் அன்றைக்கு விழுகைப் பயத்தை முதன்முதலாகத் தாண்டியிருப்பான். கடைசிப் போல்ட்டுக்கு மேலே போய், கை நடுங்க நின்று, கயிற்றைச் செருகியிருப்பான். அதைச் சொல்ல நம்மிடம் கட்டம் இல்லை. நம்மிடம் இருப்பது எண்ணுக்கான கட்டம் மட்டும்.

அதனால் என் கோரிக்கை எளிது. கிரேட்டை ஒழிக்க வேண்டாம். அதைத் தனியாக விடாதீர்கள். ஏற்றத்தைப் பற்றிச் சொல்லும்போது ஐந்து விஷயம் சொல்லுங்கள்: எந்தப் பாறை, எந்தப் பாதை, எப்படி ஏறினீர்கள், ஆன்சைட்டா ஃப்ளாஷா ரெட்பாயின்ட்டா, எத்தனை முயற்சி, எத்தனை நாள், உங்கள் உடம்புக்கு அது என்ன எண்ணாகப் பட்டது, யார் கயிறு பிடித்தது. உதாரணத்துக்கு, "கெத்ரியில ஒரு 7ஏ, ரெட்பாயின்ட். மூணு வார இறுதி, ஒன்பதாவது தடவை. குவிக்டிரா முன்னாடியே மாட்டியிருந்தாங்க. கஷ்டமான நகர்வு என் உயரத்துக்கு வசதி, அதனால எனக்கு 6சி+ மாதிரிதான் பட்டுச்சு. முன்ன பின்ன பார்க்காத பாதைன்னா இன்னும் 6பியில தடுமாறுறேன்." இதைச் சொல்ல இருபது விநாடி ஆகாது. கேட்கிறவருக்கு இதில் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறது. சொல்கிறவரின் மதிப்பும் குறையவில்லை. ஒன்பது தடவை திரும்பிப் போனவர் என்று தெரிந்தால் எனக்கு மரியாதை கூடத்தான் செய்கிறது.

அந்த ஐந்தில் கடைசியானதை மறந்துவிடாதீர்கள். ஒரு லீட் ஏற்றத்துக்குச் சாட்சி கயிறு பிடித்தவர் ஒருவர்தான். ஒன்பது தடவையும் வெயிலில் கழுத்து வலிக்க மேலே பார்த்து நின்றவர், ஒன்பது தடவையும் நீங்கள் தரையில் விழாமல் பார்த்துக்கொண்டவர். எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் வருவதில்லை. இந்த விளையாட்டில் தனியாக எடுத்த மதிப்பெண் என்று ஒன்று இல்லவே இல்லை.

கேட்கிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பொய்யான விடைகள் பெரும்பாலும் சோம்பேறிக் கேள்விகளிலிருந்து பிறக்கின்றன. அடுத்த திங்கட்கிழமை மாமாக் கடையில் "என்னா ஏறுன?" என்று கேட்பதற்குப் பதிலாக "எப்படி ஏறுன? யாரு கயிறு பிடிச்சா?" என்று கேளுங்கள். தே தாரிக் ஆறிப்போகும். பரவாயில்லை, இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம்.